மார்கலா மலையின் இரண்டு பக்கமும்

இஸ்லாமாபாத்தையும் தட்சசீலத்தையும் ஒரே பயணத்தில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் தயங்காமல் போங்கள். அறுபது வருடங்களைச் சற்றே தாண்டிய தலைநகரம் ஒன்று. அங்கிருந்து வாகனத்தில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடப் பழைய நகரம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே மார்கலா மலை. கொழும்புக்குத் திரும்பிய நாளிலிருந்து கண்ட ஆட்களிடமெல்லாம் இதையே கதைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களில் பலருக்குத் தட்சசீலம் பாடப்புத்தகத்தில் ஒரு வரி, இஸ்லாமாபாத் செய்தியில் வரும் ஒரு பெயர், அவ்வளவுதான். எவ்வளவு பெரிய இழப்பு!

முதலில் நகரத்தைச் சொல்கிறேன். அயூப் கான் ஆட்சியில் தலைநகரத்தைக் கராச்சியிலிருந்து வடக்கே கொண்டுபோக 1959இல் முடிவானது. மலையடிவாரத்து வெறுந்தரையில் புது நகரத்துக்குத் திட்டம் வரைந்தவர் கொன்ஸ்டன்டினோஸ் டொக்ஸியாடிஸ் என்ற கிரேக்கர். ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றருக்கு இரண்டு கிலோமீற்றர் என்ற சதுரங்களாக அவர் நிலத்தைப் பிரித்தார். எஃப்-6, எஃப்-7, ஜி-6 என்று எழுத்தும் எண்ணுமாகத்தான் இன்றும் மக்கள் தங்கள் முகவரியைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ‘மர்கஸ்’ என்கிற கடைத்தெரு. சுற்றிவர வீடுகள், பள்ளிக்கூடங்கள், பூங்காக்கள். பெருந்தெருவைக் கடக்காமலே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வர வேண்டும் என்று யோசித்து வரைந்த திட்டம் இது. நகரம் வளர வேண்டிய திசையையும் அவரே குறித்துவைத்தார்: வடக்கே மலை எல்லை, வளர்ச்சி தென்மேற்கு நோக்கி.

காகிதத்தில் பார்க்கும்போது இறுக்கமாகத் தெரியும் இந்தத் திட்டம், நடந்து பார்த்தால் எவ்வளவு இதமாக இருக்கிறது! எந்தத் தெருவில் நின்று வடக்கே திரும்பினாலும் கோட்டின் முடிவில் மலை நிற்கிறது. சதுரங்களுக்கு இடையே ஓடைகளும் மரக்காடுகளும் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. வசந்தத்தில் ஜக்கரண்டா மரங்கள் ஊதாப் பூவைக் கொட்டுகின்றன. காலையில் ‘ட்ரெயில் 3’, ‘ட்ரெயில் 5’ என்று பெயரிட்ட மலைப்பாதைகளில் அலுவலகத்துக்குப் போகும் முன் நடந்துவிட்டு வருகிறார்கள். தலைநகரத்து அலுவலர் ஒருவர் காலையில் மலையேறி இறங்கிவிட்டு ஒன்பது மணிக்கு மேசைக்குப் போக முடிகிறதென்றால் அந்த நகரத்தை எப்படிப் பாராட்டாமல் இருப்பது?

மலையின் காலடியில் ஃபைசல் மசூதி. துருக்கிக் கட்டடக் கலைஞர் வெதாத் தலோகாய் வடிவமைத்தது, 1986இல் கட்டி முடிந்தது. கும்மட்டமே கிடையாது. பாலைவனத்துக் கூடாரத்தின் வடிவில் வெள்ளைக் கூரை மடிந்து மடிந்து இறங்குகிறது, நான்கு மூலையிலும் ஊசி போன்ற மினாரங்கள். அந்தி வேளையில் வெண்பளிங்கு முற்றத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர் என்று தெரிந்ததும் இடம் ஒதுக்கித் தருகிறார்கள். ‘ஸ்ரீலங்கா’ என்று சொன்னால் போதும், 1996 உலகக் கிண்ண இறுதியாட்டம் லாகூரில் நடந்த கதை தொடங்கிவிடும். அரவிந்த டி சில்வாவின் சதத்தை எங்களைவிட நன்றாக நினைவு வைத்திருக்கிறார்கள்!

இனி மலையின் மறுபக்கம். நகரத்திலிருந்து வடமேற்கே ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீற்றர். பழைய கிராண்ட் ட்ரங்க் சாலையில் மார்கலாக் கணவாயைக் கடக்கும்போது, டில்லியில் 1857இல் இறந்த பிரித்தானியத் தளபதி ஜோன் நிக்கல்சனுக்கு எழுப்பிய கல்தூண் ஒன்று குன்றின்மேல் தெரியும். அதைத் தாண்டினால் தெருவோரமெல்லாம் கல் கொத்தும் பட்டறைகள். உரல், உலக்கை, கல்லறைப் பலகை, நீரூற்றுத் தொட்டி என்று வெயிலில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். உளிச்சத்தம் கேட்கத் தொடங்கினால் தட்சசீலத்துக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

போகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. தட்சசீலம் ஒரே மதிலுக்குள் அடங்கிய ஒற்றை இடமல்ல. வயல்களும் ஓடைகளும் கிராமங்களும் நிறைந்த பள்ளத்தாக்கு முழுவதும் அது பரந்து கிடக்கிறது. பிர் மேடு, சிர்காப், சிர்சுக் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த மூன்று நகரங்கள். அவற்றைச் சுற்றிக் குன்றுகளிலும் மடுக்களிலும் பௌத்த விகாரைகள். அலெக்சாந்தர் கி.மு. 326இல் வந்து தங்கியது பிர் மேட்டில் இருந்த பழைய நகரத்தில். இந்த இடம்தான் தட்சசீலம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடையாளம் காட்டியவர் அலெக்சாந்தர் கன்னிங்ஹாம். 1913 முதல் 1934 வரை தோண்டியெடுத்தவர் ஜோன் மார்ஷல். யுனெஸ்கோ 1980இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

சிர்காப்பில் கால் வைத்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. இந்தோ-கிரேக்க மன்னர்கள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வகுத்த நகரம் அது. வடக்கு வாசலில் நின்றால் முதன்மைத் தெரு அம்பு விட்டதுபோல் நேரே தெற்கே ஓடுகிறது. குறுக்குத் தெருக்கள் செங்கோணத்தில் வெட்டுகின்றன. அவற்றுக்கிடையே சதுரம் சதுரமாக வீட்டுத் தொகுதிகள். தெரு நெடுகிலும் கடைகளின் அடித்தளம், அவற்றின் பின்னே முற்றம் வைத்த வீடுகள். காலையில்தான் எஃப்-6இலிருந்து புறப்பட்டு வந்திருந்தேன். கிரேக்கர் ஒருவர் கோடு போட்ட நகரத்தில் தூங்கி எழுந்து, இரண்டாயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன் கிரேக்கர்கள் கோடு போட்ட நகரத்தில் நடக்கிறேன்! இரண்டும் ஒரே மலையின் நிழலில்! உலகில் வேறெங்கே ஒரே நாளில் இது கிடைக்கும்? இந்தப் பயணத்தில் நான் கண்டெடுத்த பெரும் சந்தோஷம் இதுதான். நகரத்தைப் பார்க்காமல் சிர்காப்புக்கு வந்திருந்தால் இந்தத் தெருவின் நேர்த்தி எனக்குப் பாதிதான் புரிந்திருக்கும். சிர்காப்பைப் பார்த்தபிறகு இஸ்லாமாபாத்தின் சதுரங்களும் எனக்கு வேறாகத் தெரியத் தொடங்கின.

அந்தச் சுவர்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு பூகம்பம் இந்த நகரத்தைக் குலுக்கியிருக்கிறது. அதன்பின் கட்டுமுறையே மாறிவிட்டது. அத்திவாரத்தை ஆழமாக்கினார்கள். சுவரில் பெரிய பாறைக் கற்களை இடைவெளிவிட்டு வைத்து, அந்த இடைவெளிகளில் மெல்லிய பலகைக் கற்களை, புத்தகங்களைப் படுக்கவைத்து அடுக்குவதுபோல், ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினார்கள். விபத்திலிருந்து பாடம் படித்த கொத்தர்களின் வேலை இது. இந்த அடுக்கு வேலையைக் கண் பழகிக்கொண்டால் போதும், அடுத்தடுத்த இடங்களில் எந்தச் சுவர் முந்தியது, எது பிந்தியது என்று நாமே சொல்லலாம். எனக்கு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

முதன்மைத் தெருவின் கிழக்குப் பக்கத்தில் இரட்டைத்தலைக் கழுகுத் தூபி. தூபியின் மேற்பகுதி போய்விட்டது, அடிப்பீடம் மட்டும்தான் மிச்சம். ஆனால் அந்தப் பீடத்தின் முகப்பு! கொரிந்தியத் தலைப்புள்ள அரைத்தூண்கள், அவற்றுக்கிடையே மாடங்கள். ஒன்று கிரேக்கக் கோயிலின் முக்கோண முகப்பு. ஒன்று இந்தியச் சைத்தியத்தின் வளைந்த வில்வாசல். இன்னொன்று சாஞ்சியில் உள்ளதுபோன்ற தோரணம். வில்வாசலின் உச்சியில் இரண்டு தலையோடு அந்தக் கழுகு. மூன்று உலகத்து வாசல்களை ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் செதுக்கியவனுக்கு அதில் எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. முட்டுக்குத்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தேன். கையகல மாடம் ஒவ்வொன்றும் ஒரு பாடம்.

பார்த்திய மன்னன் கொண்டோபரஸின் நகரமும் இதுவே. ‘தோமாவின் பணிகள்’ என்ற பழைய கிறிஸ்தவ நூலின் கதையில், அப்போஸ்தலர் தோமா இந்த மன்னனுக்கு அரண்மனை கட்ட ஒப்புக்கொண்டு, தந்த பணத்தையெல்லாம் ஏழைகளுக்குப் பகிர்ந்துவிடுகிறார். அரண்மனை எங்கே என்று மன்னன் கேட்க, சொர்க்கத்தில் இருக்கிறது என்கிறார். மயிலாப்பூரில் தோமாவின் கல்லறையைக் கும்பிட்டுவிட்டு வந்த குடும்பம் எங்களுடையது. மரபு சொல்லும் அவருடைய கதையின் வடக்கு முனையில், அதே மன்னனின் தெருவில் நிற்கும்போது என்ன தோன்றும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தர்மராஜிகா தூபிக்கு இலங்கையர் ஒவ்வொருவரும் ஒரு தரமாவது போய்வர வேண்டும். அசோகர் காலத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் மாபெரும் தூபி, இன்றும் ஏறத்தாழ பதினைந்து மீற்றர் உயரம். புதையல் தேடியவர்கள் நடுவே வெட்டிய ஆழமான பிளவு இன்னும் தெரிகிறது. பிரதான தூபியைச் சுற்றி வட்டமாகச் சிறு தூபிகள், வழிபாட்டு மாடங்கள். அந்த மாடங்கள் ஒன்றில்தான் மார்ஷல் ஒரு வெள்ளித் தகட்டுச் சுருளையும் சிறு பொற்பேழையில் எலும்புத் துணுக்குகளையும் கண்டெடுத்தார். பாக்திரியா நாட்டைச் சேர்ந்த உரசகன் என்பவன் புத்தரின் தாதுக்களை இங்கே நிறுவினான் என்று சுருள் சொல்கிறது. குஷாண மன்னனின் உடல்நலத்துக்காகவும், தன் தாய் தந்தையர், நண்பர், உறவினர் ஆகியோரைப் போற்றியும் அவன் செய்த தானம் அது. இப்படிக் கிடைத்த தாதுக்களை 1917இல் இலங்கைப் பௌத்தர்களுக்கு அன்பளிப்பாகத் தந்தார்கள். இன்று அவை எங்கள் கண்டி தலதா மாளிகையைச் சேர்ந்தவை. காவலரிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே, “அப்படியென்றால் இது உங்கள் வீடும்தான், பாஜி” என்றார். அக்கா என்று என்னை அழைத்த அந்த மனிதர் தன் வீட்டிலிருந்து தேநீர் வரவழைத்துத் தந்தபின்தான் எங்களை விட்டார்.

அங்கிருந்து மொஹ்ரா மொராடு. மலைமடுவுக்குள் ஒளிந்திருக்கும் சிறு விகாரை. மழை வெள்ளம் கொண்டுவந்த மண் மூடிக் காத்த இடம். துறவி ஒருவரின் அறைக்குள் ஒரு தூபி நிற்கிறது. ஏறத்தாழ நான்கு மீற்றர் உயரம். பீடம், அண்டம், உச்சியில் குடை அடுக்கு வரை முழுசாக இருக்கிறது. தட்சசீலத்தில் மற்றத் தூபிகளெல்லாம் தலை இழந்து நிற்க, ஒரு தூபி முழு உருவில் எப்படி இருந்தது என்பதை இங்கேதான் பார்க்க முடிகிறது. இதைப் பார்த்தபின் சிர்காப்பிலும் தர்மராஜிகாவிலும் வெறும் பீடங்களாகப் பார்த்தவை எல்லாம் மனதுக்குள் தாமாகவே எழுந்து நிற்கின்றன.

ஆனால் என் நெஞ்சை முழுதாகப் பறித்தது ஜோலியான். குன்றின் உச்சியில், படியேறித்தான் போக வேண்டும். மூச்சு வாங்கும், வாங்கட்டும். ஏறும் வழியில் காட்டு ஒலிவ மரங்கள், கீழே கால்வாய், மாசி மாதத்தில் மஞ்சள் பூத்த கடுகு வயல்கள். மேலே பிரதான தூபியைச் சுற்றி நேர்த்திக்கடனாகக் கட்டிய சிறு தூபிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. மழை படாமல் மேலே கூரை போட்டிருக்கிறார்கள். காவலர் பூட்டைத் திறந்து மரக்கதவை ஒதுக்கினார். உள்ளே வரிசை வரிசையாகச் சுண்ணச்சாந்து உருவங்கள்! கீழ் வரிசையில் யானைகள், சிங்கங்கள், தூபியைத் தோளில் தாங்கி நிற்கும் குட்டி மனிதர்கள். பாரம் தாங்கும் அந்த மனிதர்களில் ஒருவன் பல்லைக் கடிக்கிறான், ஒருவன் கன்னத்தை உப்பியிருக்கிறான், ஒருவன் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். மேல் வரிசையில் அமைதியே உருவான புத்தர்கள். உடையின் மடிப்பு கிரேக்கச் சிலைகளை நினைவூட்டும். பாதி மூடிய கண்களின் ஈரம் முழுக்க இந்த மண்ணுக்கு உரியது. கல்லைச் செதுக்கியது அல்ல, ஈரச் சாந்தை விரலால் அழுத்தி உருவாக்கியது என்பதை உதட்டோரத்துக் குழைவிலேயே காணலாம்.

அங்கே தொப்புளில் துளையுள்ள புத்தர் ஒருவர் இருக்கிறார். நோயாளிகள் அந்தத் துளையில் விரலை வைத்துச் சுகம் வேண்டினார்கள் என்பது மரபு. கீழே கரோஷ்டி எழுத்தில் ஒரு பொறிப்பு, புத்தமித்திரர் என்ற பிக்கு அளித்த தானம் என்று. காவலர் விரலை எழுத்துகளின்மேல் படாமல் வலமிருந்து இடமாக நகர்த்திக் காட்டினார். கரோஷ்டி அப்படித்தான் ஓடும், அவர் அன்றாடம் எழுதும் உருதுவைப் போலவே. இரண்டுமே அரமேய எழுத்தின் வழிவந்தவை. அந்தப் பிக்கு எழுதிய திசையில்தான் இந்தப் பள்ளத்தாக்கின் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் எழுதுகிறார்கள்!

தூபிகளுக்குப் பக்கத்திலேயே துறவியர் மடம். நடுவே நீர்த்தொட்டி உள்ள முற்றம், நான்கு பக்கமும் அறைகள். ஒவ்வொரு அறைச் சுவரிலும் விளக்கு வைக்க மாடம். சாளரம் வெளிப்பக்கம் குறுகியும் உட்பக்கம் விரிந்தும் இருக்கிறது. வெளிச்சம் பரவும், காட்டு மிருகம் நுழையாது. அடுத்த பகுதியில் சமையலறை. அங்கே என் கால் அப்படியே நின்றுவிட்டது. மாவு அரைக்கும் திரிகைக் கல், பக்கத்தில் சரக்கு அரைக்கும் அம்மி! நடுப்பகுதி தேய்ந்து பள்ளம் விழுந்த அம்மி. எத்தனை பேருடைய பசிக்கு எத்தனை கைகள் அரைத்திருந்தால் கல் இப்படித் தேயும்? தத்துவம் பேசிய இடம் என்றுதான் எல்லோரும் ஜோலியானைச் சொல்கிறார்கள். சோறும் குழம்பும் சமைத்த இடமாகவும் அது இருந்திருக்கிறது என்பதை அந்தக் கல் ஒரு கணத்தில் காட்டிவிட்டது.

ஐந்தாம் நூற்றாண்டில் இந்த மடம் எரிந்தது. வெள்ளை ஹூணர் படையெடுப்பின்போது நடந்தது என்கிறார்கள். ஓர் அறையில் பூர்ஜ மரப்பட்டைச் சுவடி கருகிய நிலையில் கிடைத்தது. ஆனால் அதே நெருப்பு இன்னொன்றும் செய்தது. சுடாத களிமண்ணில் செய்திருந்த சில உருவங்கள் அந்த வெக்கையில் வெந்து சுடுமண்ணாக இறுகின. மழைக்குக் கரைந்து போயிருக்க வேண்டியவை அதனாலேயே நமக்குக் கிடைத்தன.

பள்ளத்தாக்கில் பார்த்ததையெல்லாம் தொகுத்துக்கொள்ள 1928இல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. மரங்கள் சூழ்ந்த ஓட்டுக் கூரைக் கட்டடம். காந்தாரத் தலைகள், பொன் நகைகள், நாணயங்கள், வீட்டுச் சாமான்கள், அசோகரைப் ‘பிரியதர்சி’ என்று குறிக்கும் அரமேயக் கல்வெட்டு எல்லாம் அங்கே. ஒரு யோசனை: விகாரைகளைப் பார்த்தபின் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு தலையும் எந்தக் குன்றில், எந்தச் சுவரில் இருந்தது என்று அப்போது உங்களுக்கே தெரியும்.

புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகர் படித்ததும் தட்சசீலத்தில்தான் என்பது பௌத்த மரபு. ஊரைச் சுற்றி ஒரு யோசனை தூரத்துக்குள் மருந்துக்கு உதவாத செடி ஒன்றைக் கொண்டுவரும்படி ஆசிரியர் அனுப்ப, எங்கும் தேடி வெறுங்கையோடு திரும்பி, அப்படி ஒன்றுமே இல்லை என்றாராம் ஜீவகர். படிப்பு முடிந்தது, போய்வா என்றாராம் ஆசிரியர். ஜோலியான் குன்றில் கால்படும் இடமெல்லாம் பச்சையைப் பார்த்தபோது இந்தக் கதையை மனதார நம்பினேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஒக்டோபர் முதல் மார்ச் வரை காலநிலை அருமை; கோடையில் கல் கொதிக்கும். விடிய வெளிக்கிட்டு ஜோலியானை முதலில் ஏறுங்கள். வெயில் ஏறும் முன் மொஹ்ரா மொராடு, மத்தியானத்துக்குள் தர்மராஜிகா, சாயும் வெளிச்சத்தில் சிர்காப். அருங்காட்சியகத்துக்கு அடுத்த நாள் காலையை ஒதுக்கினால் அவசரம் இருக்காது. இடங்களுக்கு இடையே தூரம் இருப்பதால் சாரதியை நாள் முழுவதற்கும் பேசிக்கொள்ளுங்கள். நல்ல சப்பாத்தும் தண்ணீரும் கட்டாயம். குளிர்காலம் என்றால் பக்கத்துக் கான்பூரின் செந்தோடை வாங்காமல் வராதீர்கள். அறுத்தால் உள்ளே இரத்தச் சிவப்பு, அப்படியொரு இனிப்பு! காவலர்களிடம் வாய் திறந்து கேளுங்கள். தங்கள் தூபிகளைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கு இருக்கும் ஆசைக்கு அளவே இல்லை.

வேலை விஷயமாக இஸ்லாமாபாத்துக்கு வந்து, ஒரு மாலைப் பொழுதைத் தவிர வேறு நேரமே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. நகரத்தின் ஓரத்திலேயே, டி-12 சதுரத்தை அடுத்து, ஷா அல்லா தித்தா என்ற கிராமம். அங்கே பெரிய ஆலமரங்களுக்கும் நீரூற்றுக்கும் பக்கத்தில் பௌத்த காலத்துக் குகைகள் இருக்கின்றன. குகை வாசலுக்கு எதிரே தேநீர்க் கடை, கீழே டொக்ஸியாடிஸின் நேர்த்தெருக்கள். கூட்டம் முடிந்ததும் விடுதிக்குத் திரும்பாமல் சாரதியிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். அடுத்த பயணத்துக்கு நாள் குறித்துக்கொண்டுதான் திரும்புவீர்கள்.